யாங்கோ ஊற்றிய ஒரு வாளித் தண்ணீர்

கண்டிக்குச் சரக்கு எடுக்க வரும் நாட்களில் காசிம் நானா என் வீட்டுப் படலையில் நின்று ஒரு சத்தம் வைக்காமல் போகமாட்டார். கலஹாக் கடைவீதியில் தேநீர்க் கடை வைத்திருக்கும் அக்குறணைக்காரர் அவர்; தொண்டைக்குப் பஞ்சமில்லை. இரண்டு கிழமைக்கு முன் ஒரு காலையில், சத்தமே இல்லாமல் படலையைத் திறந்து, விரித்த குடையோடேயே விறாந்தைக்குள் வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

“கிளாக்கர், நம்மட யாங்கோ மௌத்தாகிட்டார்” என்றார். “நேத்துப் பின்னேரம், அஸர் நேரம். ஸ்டோர்ல இஞ்சினுக்குப் பக்கத்துல கதிரையப் போட்டு இருந்தவராம். அப்பிடியே சாஞ்சிட்டார். இஞ்சின் ஓடிட்டே இருந்திச்சாம்.”

விரித்த குடையை அப்போதுதான் கண்டு மடக்கினார். பிறகு, “சொல்லிட்டாவது போயிருக்கலாம்” என்று கோபித்துக்கொண்டார். இருவரும் அடுத்த கலஹா பஸ்ஸில் ஏறினோம்.

யாங்கோவை அறிந்த நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். நான் எங்காவது கூட்டிச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவரும் கூட்டித்தான் சொல்லுவார். குறைத்துச் சொன்னால் மட்டும் காசிம் நானா கடையில் என்னை நிறுத்திக் கேளுங்கள்.

பெரிய யுத்தம் முடிந்த பின், ருசியாவின் கிழக்குக் கோடியிலிருந்து ஊர் திரும்பும் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு வந்த கப்பல் ஒன்றில் யாங்கோ கொழும்புக்கு வந்தார். ஆஸ்திரிய-ஹங்கேரியச் சக்கரவர்த்தியின் படையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டு, ருசியரிடம் பிடிபட்டு, சைபீரியாவின் குளிரையெல்லாம் பார்த்து முடித்தவரைக் கொழும்புக் காய்ச்சல் படுக்கையில் போட்டுவிட்டது. கப்பலும் போயிற்று, காய்ச்சலும் போயிற்று, யாங்கோ மட்டும் மிஞ்சினார். இயந்திரம் பழுது பார்க்கத் தெரியும் என்று யாரோ சொல்ல, கலஹாவுக்கும் தெல்தோட்டைக்கும் இடையில் நான் தலைமைக் கிளாக்கராக இருந்த தோட்டத்துக்கு, ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையின் இஞ்சினைப் பார்க்க வந்து சேர்ந்தார். “அடுத்த வருசம் ஊருக்குப் போறோம்” என்று தமிழ் வாயில் வந்த அன்றே சொன்னார். தன்னை எப்போதும் பன்மையில்தான் சொல்லுவார். ஸ்டோர் ஆட்களிடம் படித்த தமிழ் அது; அவர்கள் எல்லோரும் சேர்ந்தேதான் எங்கும் போவார்கள்.

அவரை எந்தக் கணக்கில் வைப்பது என்று தோட்டத்தில் எல்லோருக்கும் குழப்பம். நிறம் துரைமாரின் நிறம். உடுப்பில் முழுக்க இஞ்சின் எண்ணெய். எங்கள் துரை தம்முடைய பெரிய உலகப்படத்தை விரித்து யாங்கோவின் ஊரைத் தேடினார், கிடைக்கவில்லை. படத்தில் இல்லாத ஊர்க்காரனைக் கிளப்பில் சேர்க்க முடியாது என்று முடிவு செய்துவிட்டார். ஆட்களை வேலை வாங்கும் வீரமலைக் கங்காணி மரியாதையாகத் “தொரை” என்று கூப்பிட்டுப் பார்த்தார். யாங்கோ பதறிவிட்டார். “தொரைன்னு சொல்லாதீங்க. எங்க ஊருக்குத் தொரை வந்தா நாங்க எல்லாம் பேரிக்கா மரத்துல ஏறிக்குவோம்” என்றார்.

ஊரின் பெயர் ஹ்ருஷ்னிக். சுலோவாக்கிய மலைகளில் ஒரு மடிப்புக்குள் கிடக்கும் கிராமம். அதன் சரித்திரத்தை நான் எத்தனை தடவை கேட்டேன் என்று சொல்லமாட்டேன். யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் சொந்த ஊரின் சரித்திரம் எனக்கு அவ்வளவு தெரியாது. ஒரு காலத்தில் துருக்கியர் படையெடுத்து வந்தார்களாம். பனிமூட்டத்தில் ஊர் எங்கே இருக்கிறது என்று தெரியாமல், ஆற்றில் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத் திரும்பிப் போனார்களாம். ஊரார் அதை இன்றைக்கும் தங்களுடைய வெற்றி என்றே சொல்கிறார்களாம். பிறகு ஹங்கேரியப் பிரபு வந்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தாய்மொழியில் பேசினால் முழங்காலில் நிற்க வேண்டும். “நாங்க வீட்டுக்குப் போய்ப் பேசிக்குவோம். மாட்டுக்கிட்ட பேசுவோம். மாடு எல்லாம் எங்க பாஷைதான்” என்பார். யுத்தம் முடிந்ததும் புதிய தேசம், புதிய கொடி, புதிய தபால் முத்திரை. “எங்க ஊரு ஒரே எடத்துலதான் இருக்கு. ராசாங்கம்தான் நிக்க மாட்டேங்குது” என்று அவர் சொன்னபோது துரையும் பக்கத்தில் நின்றார். நல்ல வேளையாக அவருக்கு அவ்வளவு தமிழ் தெரியாது.

அந்த ஊரில் இருந்ததே இரண்டு தெரு: மேல்தெரு, கீழ்தெரு. ஒரே ஒரு தேவாலய மணி. மேல்தெருக்காரர் வீட்டுக்கு வீடு பித்தளை கொடுத்து வார்ப்பித்த மணி. கீழ்தெருக்காரர் தங்கள் காட்டு மரத்தை வெட்டிக் கட்டிய கோபுரம். ஆகவே மணி யாருடையது என்று நூறு வருடமாகச் சண்டை. மணியடிக்கும் மிஹால் முழுச் செவிடு. இரண்டு தெருவும் ஒருமனதாக எடுத்த ஒரே தீர்மானம் அவரை நியமித்ததுதான், ஏனென்றால் அவரிடம் யாரும் எதையும் சொல்லிக் கெடுக்க முடியாது. கடைசியில் யுத்தத்தின்போது சக்கரவர்த்தியின் ஆட்கள் வந்து, பீரங்கி வார்ப்பதற்கு மணியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. நஷ்டம் யாருடையது என்று தொடர்ந்தது.

இந்த வழக்கு காசிம் நானா கடையில் வந்து விழுந்ததும் கலஹா இரண்டாகப் பிரிந்தது. பொருள் கொடுத்தவனுக்கே மணி சொந்தம் என்று நானா மேல்தெருப் பக்கம். கோபுரம் இல்லாத மணி வெறும் அண்டா என்று தோட்டத்து ஆட்கள் கீழ்தெருப் பக்கம். ஒரு மழைநாளில் நானா மேசையில் அடித்து, “மேல்தெருவுக்கு ஒரு நியாயம் கிடைக்கிற வரைக்கும் கீழ்தெருக்காரன் எவனுக்கும் இந்தக் கடையில பிளேன்டீ இல்ல!” என்று சொல்ல, வழி போன போலீஸ்காரர் கலவரம் என்று நினைத்து உள்ளே வந்துவிட்டார். மேல்தெரு எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டார். ஒருவர் வடக்கே காட்டினார், ஒருவர் மேற்கே காட்டினார்.

இப்படிக் கதையாக இருந்த ஊர் ஒருநாள் வழக்காக எங்கள் முன் வந்து நின்றது. அதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவின் கடைசி நாள் மஞ்சள் நீராட்டு. முறைக்காரர்கள், அதாவது மாமன் மகன், அத்தை மகள் என்று கட்டிக்கொள்ளும் உறவுள்ளவர்கள்தான் ஒருவர்மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றலாம். அந்த வருடம் அது கிறிஸ்தவர்களின் உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள் திங்களில் விழுந்தது. யாங்கோவின் ஊரில் அந்தத் திங்கட்கிழமை வாலிபர்கள் வாளியோடு வீடு வீடாகப் போய்ப் பெண்கள்மேல் தண்ணீர் ஊற்றுவார்களாம். எவ்வளவு தண்ணீரோ அவ்வளவு மரியாதை. நனையாமல் நின்ற பெண் அந்த வருடம் முழுவதும் வாடிப்போவாள் என்று நம்பிக்கை. நனைந்தவள் நன்றியாகச் சாயம் தீட்டிய முட்டை ஒன்று கொடுப்பாள்.

ஸ்டோர் வாசலுக்கு வந்த யாங்கோ கண்டது, தோட்டமே தண்ணீரும் சிரிப்புமாக ஓடிக்கொண்டிருந்ததை. “இங்கயும் இருக்கா!” என்று கத்தினார், நான் ஆபீஸ் ஜன்னலில் நின்று கேட்டேன். பிறகு பார்த்தார், ஒருத்தி மட்டும் காய்ந்த சேலையோடு ஆட்கள் குடியிருக்கும் லயத்துச் சுவரோரம் நிற்கிறாள். வீரமலைக் கங்காணியின் தங்கை பவளம். அவளுக்கு முறைப்பையன் ஒருவனும் தோட்டத்தில் இல்லை. இருந்த ஒரே மாமன் மகன் கடலுக்கு அப்பால், துறையூர்ப் பக்கத்தில், வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு சுகமாக இருந்தான். ஆகவே வருடா வருடம் எல்லோரும் நனையும்போது அவள் காய்ந்தபடி நின்று, ஈரத்துணி பிழிய உதவி செய்வாள். யாங்கோவுக்கு அது தெரியாது. ஒரு பெண்ணை ஊரே அவமதிக்கிறது என்றுதான் அவருக்குப் பட்டது. இஞ்சினுக்கு வைத்திருந்த பெரிய வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி, முழுவதையும் அவள் தலையில் கவிழ்த்தார்.

மேளம் நின்றது. அத்தோடு அவர் திரும்பி வந்திருந்தால் தெரியாத்தனம் என்று விட்டிருப்பார்கள். நுணலும் தன் வாயால் கெடும். மனிதர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, கையை நீட்டி, “முட்ட?” என்று கேட்டார்.

அன்று பின்னேரம் பெரட்டுக்களத்தில், காலையில் ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்பும் அந்தத் திடலில், பஞ்சாயத்து கூடியது. எள் விழ இடமில்லை. படித்தவன் ஒருவன் இருக்கட்டும் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். போகும் வழியில் யாங்கோவைப் பிடித்து, “என்ன காணும், உமக்கென்ன விசரே? ஏன் உப்பிடிச் செய்தனீர்?” என்று கேட்டேன்.

“அந்தப் புள்ள காஞ்சு போய் நின்னிச்சு, கிளாக்கரையா” என்றார். வேறு விளக்கம் அவரிடம் இல்லை.

கங்காணி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார். “இவுரு முறைக்காரர்னா ஊத்துனது சரி. முறை இல்லேன்னா என் தங்கச்சிய அவமானப்படுத்திட்டாரு. நாளைக்கே தோட்டத்த விட்டுப் போகணும். தொரைகிட்ட நானே சொல்லிக்கிறேன். எங்களுக்கு இஞ்சினு முக்கியமில்ல.” பேச்சில் நியாயம் இருந்தது. யாங்கோவின் முகம் வெளுத்துவிட்டது. வெளுக்க அதில் இடம் இருந்தது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். தினமும் ஊருக்குப் போவதைப் பற்றியே பேசியவர், போ என்றதும் அப்படி ஆகிவிட்டார்.

கிழவர் கறுப்பையா பஞ்சாயத்தில் மூத்தவர். முறை இருக்கிறதா என்று பார்க்க ஊரை விசாரிக்க வேண்டும் என்றார். “ஒங்க ஊர்ல பொண்ணு எங்க எடுப்பீங்க?”

“மேல்தெருக்காரன் மேல்தெருவுல எடுக்கக் கூடாதுங்க. எல்லாம் அண்ணன் தங்கச்சி. கீழ்தெருவுலதான் எடுக்கணும். அவுங்க எங்ககிட்ட எடுப்பாங்க.”

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. “பங்காளி ஒரு தெரு, மாமன் மச்சான் ஒரு தெரு! முறையுள்ள ஊருதாம்ப்பா” என்றார் கறுப்பையா. “கொலதெய்வம்?”

ஊர் நடுவில் ஒரு புனிதரின் சிலை இருப்பதாக யாங்கோ சொன்னார். பட்டாளக்காரர். ஊர் தீப்பிடிக்காமல் காப்பவர். கையில் வாளி வைத்துக்கொண்டு எரிகிற வீட்டின்மேல் தண்ணீர் ஊற்றியபடி நிற்பார்.

“வாளியோடவா?” என்றார் கறுப்பையா.

“வாளியோடதாங்க.”

“அப்ப சாமி குத்தம் எதுவும் இல்ல. சாமி செய்யறதத்தான் இவரும் செஞ்சிருக்காரு.”

அதற்குப் பின் விசாரணை விசாரணையாக இல்லை. யார் யாரோ கேட்டார்கள், யாங்கோ சொன்னார். ஆலைக்கார அன்னா மூன்று புருஷன்மாரை அடக்கம் பண்ணி, மூன்றுபேரின் தொப்பிகளையும் ஆலைச் சுவரில் மாட்டி வைத்திருந்ததைச் சொன்னார். ஆண்களில் பாதிப்பேர் அமெரிக்கச் சுரங்கங்களுக்குப் போனதையும், போனவர் திரும்பி வரும்வரை பெண்கள் மரம் வெட்டியதையும் சொன்னார். அதைக் கேட்டுக் கொழுந்து பறிக்கும் பெண்கள் “நம்ம கதையேதான்” என்று கண்ணைத் துடைத்தார்கள். ஆயினும் கங்காணி விடவில்லை. “எல்லாஞ் சரி. அந்த ஊருக்கு முறை இருக்கட்டும். இவரு மேல்தெரு. இங்க நாங்க யாரு? நாங்க எப்புடி அவருக்குக் கீழ்தெரு?” என்று கேட்டார். கறுப்பையா தாடையைச் சொறிந்துகொண்டு, “ஸ்டோரு மேல இருக்கு. லயம் கீழ இருக்கு…” என்று இழுத்தார்.

அப்போது பவளம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் அதே வாளி. “நீங்க எல்லாம் பேசி முடிக்க அடுத்த திருவிழா வந்துரும்” என்றாள். மஞ்சள் தண்ணீர் முழுவதையும் யாங்கோவின் தலையில் ஊற்றினாள். ஊற்றிவிட்டு அண்ணனைப் பார்த்து, “முறை இல்லாதவரு மேல நான் ஊத்துவனா?” என்று கேட்டாள். பிறகு மடியிலிருந்து ஒரு முட்டையை எடுத்து, மஞ்சள் பூசி அவித்த முட்டை அது, அவர் நீட்டாத கையைப் பிடித்து இழுத்து வைத்தாள்.

யாங்கோ அழுதார். அழுதுகொண்டே முட்டையை உரித்து அங்கேயே தின்றுவிட்டார். அம்மன் காப்பு அவிழ்க்காத நாளில், சைவனாகிய என் கண்ணெதிரில். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் திருப்பியது முட்டைக்காக மட்டும் இல்லை.

யாங்கோவுக்கும் பவளத்துக்கும் கல்யாணம் என்ற செய்தியைத் துரையிடம் நான்தான் கொண்டுபோனேன். அவர் பத்திரிகையிலிருந்து தலை எடுக்காமல், இஞ்சின் நின்றால் மட்டும் தமக்குச் சொல்லும்படி சொன்னார்.

பின்னாளில், தேயிலை விலை விழுந்து ஸ்டோர் அரைநாள் ஓடிய காலத்தில், யாங்கோ உண்மையிலேயே ஊருக்குப் புறப்பட்டார். பவளத்தைப் பிறகு கூட்டிப்போவதாகத் திட்டம். கலஹா முழுவதும் பஸ்ஸடிக்கு வந்தது. வெறுங்கையோடு யாரும் வரவில்லை. ஆலைக்கார அன்னாவுக்கு நல்ல தூள் தேயிலை, அந்த ஊர்ப் பாதிரியாரின் இருமலுக்குக் கிராம்பு, செவிட்டு மிஹாலின் காதுக்கு வேப்பெண்ணெய், மேல்தெருப் பெரியவருக்கு இடுப்பில் கட்ட நானா கொடுத்த பட்டுக்கரைச் சாரம். கங்காணி தன் பங்குக்கு, கீழ்தெருவில் யாருக்காவது என்று ஒரு பலாப்பழம் கொண்டுவந்தார். அது ஐரோப்பா போய்ச் சேர்வதற்குள் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். “பழுத்துரும்” என்றார்.

அன்று பின்னேர பஸ்ஸில் யாங்கோ திரும்பி வந்துவிட்டார், பலாப்பழத்தோடு. பேராதனை ஸ்டேஷன்வரை போனாராம். “ஊருக்குப் போறேன்னு போனவரு பேராதனையப் பாத்துட்டு வந்துட்டாரு” என்று பவளம் வருடக்கணக்காகச் சொல்லிச் சிரித்தாள். சுமை அதிகம், ரயிலில் இடமில்லை என்று கடையில் ஒரு காரணம் சொன்னார். என்னிடம் மட்டும் வேறு சொன்னார்: “போனா யாரு இருக்கா, யாரு இல்லன்னு தெரிஞ்சு போயிரும் கிளாக்கரையா. இங்க எல்லாரும் இருக்காங்க.”

இனி அடக்க நாளுக்கு வருகிறேன். நானாவும் நானும் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. கண்டியிலிருந்து பாதிரியார் வந்து ஜெபம் சொல்லி முடித்தார். அதன் பின் லயத்துப் பெண்கள் வட்டமாகக் கூடினார்கள். பவளத்தின் ஒப்பாரியில் அவள் காணாத ஆலையும் ஆறும் பேரிக்காய் மரமும் வந்தன. செத்துப்போனாளோ இருக்கிறாளோ தெரியாத அன்னாவைக் கூப்பிட்டு, உன் ஊர்ப் பிள்ளை போகிறார் வந்து பார் என்று அழுதாள். பெட்டியைக் குழியில் இறக்கினார்கள். அங்கே காரியம் நின்றது.

“மச்சான் நான் இருக்கேன். கோடித்துணி போட்டாச்சு” என்றார் வீரமலைக் கங்காணி. “மொத மண்ணு பங்காளி போடணும். அவருக்குப் புள்ள இல்ல. பங்காளி யாரு?”

யாரும் அசையவில்லை. பவளம் தலையை நிமிர்த்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பங்காளி என்று முன்னே வருவது சிறிய சங்கதி இல்லை. அவனுடைய குலமே என் குலம் என்று பத்துப்பேர் முன்னால் சொல்வது. ஒருத்தரும் வராவிட்டால், இத்தனை வருடம் இங்கே கிடந்தவரை நாங்கள் வழிப்போக்கனாகப் புதைக்கிறோம் என்று அர்த்தம். நான் யார் வீட்டிலும் தண்ணீர்கூட யோசித்துக் குடிக்கிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்காக நீங்கள் என்னைக் கேலி செய்ததும் எனக்குத் தெரியும்.

“நான் போடுறன்” என்றேன்.

கங்காணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஐயாவுக்கும் அவருக்கும் என்னா ஒறவு?”

“அந்த ஊரில எனக்குத் தெரியாத ஆள் ஒருத்தரும் இல்லை. பிறகென்ன உறவு வேணும்?”

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, மண்ணை அள்ளிப் போட்டேன்.

பங்காளிக்குத் துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, உண்டு. எங்கள் வழக்கப்படி ஒரு மாதம் கோயிலுக்குப் போகக்கூடாது, நல்ல காரியம் ஒன்றுக்கும் போகக்கூடாது. போன வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயில் ஐயர் என்னைத் தெருவில் கண்டு, “என்ன, காணவே கிடைக்குதில்லை?” என்று கேட்டார். துடக்கு என்றேன். யாழ்ப்பாணத்தில் ஆரும் தவறிப்போச்சோ என்று பதறினார்.

“இல்லை ஐயா. ஹ்ருஷ்னிக்கில” என்றேன். “எங்கட ஆள்.”